தில்லி கலை மையங்களின் நிகழ்ச்சி நிரல்: தயாரிப்பது யார், படிப்பது யார்?

புது தில்லி: நாடாளுமன்றக் கூட்டத் தொடர் நடைபெறும் நாள்களில் செய்தியாளர்கள் முதலில் தேடுவது அவை அலுவல் பட்டியலைத்தான். எந்த மசோதா அறிமுகமாகிறது, எந்த விவாதத்துக்கு எத்தனை மணி நேரம், எந்த அறிக்கை அவையில் வைக்கப்படுகிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். பட்டியலில் இடம்பெறாத விஷயம், அமளி எழுந்தாலொழிய, அன்றைய அவைக்கு இல்லாத விஷயமே.

இதே தலைநகரில் இன்னொரு பட்டியலும் மாதந்தோறும் வெளியாகிறது. கலை, பண்பாட்டு மையங்கள் அடுத்து வரும் நாள்களில் நடத்தவுள்ள சொற்பொழிவுகள், கண்காட்சிகள், இசை, நடன, நாடக நிகழ்ச்சிகளின் நிரல் அது. முன்பு அஞ்சல் அட்டையாகவும் சிறு மடிப்புத் தாளாகவும் வந்தது; இப்போது பெரும்பாலும் கைப்பேசிக்கு வந்து சேர்கிறது. ஒரு மாதத்தில் எந்த வரலாற்றைப் பற்றிப் பேசுவது, எந்த ஓவியரை நினைவுகூர்வது, எந்த மொழியின் நாடகத்துக்கு மேடை தருவது, எதைப் பேசாமல் விடுவது என்பதை அந்தத் தாள் தீர்மானித்துவிடுகிறது. அந்த வகையில் அதுவும் ஓர் அலுவல் பட்டியல்தான்.

ஒரு வித்தியாசம் உண்டு. நாடாளுமன்றத்தின் அலுவல்களுக்கு நேரம் ஒதுக்குவதற்கு முன்பு, கட்சிகளின் பிரதிநிதிகளைக் கொண்ட அலுவல் ஆலோசனைக் குழு கூடுகிறது. ஆளும் தரப்பு நினைத்ததெல்லாம் அப்படியே நடந்துவிடுவதில்லை. குறைந்தபட்சம் எதிர்ப்பாவது பதிவாகும். மக்கள் வரிப் பணத்தில் இயங்கும் கலை மையங்களின் நிரலைத் தயாரிப்பதில் அத்தகைய ஏற்பாடு இருக்கிறதா? நிரலைத் தயாரிப்பவர்களை நியமிப்பது யார்? ஆட்சி மாறும்போது அவர்களும் மாற வேண்டுமா? கலையில் ஆர்வமுள்ளவர்களின் கேள்விகளாக மட்டும் இவற்றை ஒதுக்கிவிட முடியாது. நாட்டின் பண்பாடு என்று எது அடையாளம் காட்டப்படுகிறது என்ற அரசியல் கேள்வியும் இவற்றில் அடங்கியிருக்கிறது.

குளிரும் கச்சேரியும்

தில்லியில் கலைக்கும் ஒரு பருவம் உண்டு. கோடையும் மழையும் ஓய்ந்து, தசரா முடிந்து, மாலைக் காற்றில் குளிர் தட்டத் தொடங்கும் அக்டோபரில் அது ஆரம்பமாகும். மீண்டும் வெயில் ஏறும் மார்ச் வரை நீடிக்கும். இந்திய சர்வதேச மையத்தின் ஆண்டு விழா வழக்கமாக அக்டோபரில் நடைபெறும். தேசிய நாடகப் பள்ளி 1999-ல் தொடங்கிய பாரத் ரங் மகோத்சவ், சாகித்திய அகாதெமியின் எழுத்துத் திருவிழா, பிரகதி மைதானத்தின் உலகப் புத்தகக் கண்காட்சி ஆகியவை ஆண்டின் தொடக்க மாதங்களில் அடுத்தடுத்து வருவது வழக்கம். நாடாளுமன்றத்தின் குளிர்காலத் தொடரும் நிதிநிலை அறிக்கைத் தொடரும் இதே மாதங்களில்தான் நடைபெறுகின்றன. மாலை ஆறு மணிக்கு அவை ஒத்திவைக்கப்படும் நேரமும், அரங்குகளில் சொற்பொழிவு தொடங்கும் நேரமும் ஏறக்குறைய ஒன்றே.

இடங்களும் வெகு தொலைவில் இல்லை. நாடாளுமன்றத்திலிருந்து சில கிலோமீட்டர் சுற்றளவுக்குள் எல்லாமே அடங்கிவிடும். மண்டி ஹவுஸ் சுற்றுவட்டத்தில் சங்கீத நாடக அகாதெமி, சாகித்திய அகாதெமி, லலித கலா அகாதெமி ஆகிய மூன்றும் குடியிருக்கும் ரவீந்திர பவன், தேசிய நாடகப் பள்ளி, கமானி அரங்கம், ஸ்ரீராம் சென்டர், திரிவேணி கலா சங்கம் ஆகியவை உள்ளன. லோதி தோட்டத்தை ஒட்டி இந்திய சர்வதேச மையம். சற்றுத் தள்ளி இந்தியா ஹாபிடாட் சென்டர். ஜன்பத் சாலையில் இந்திரா காந்தி தேசியக் கலை மையம். இவற்றின் பெரும்பாலான சொற்பொழிவுகளுக்கும் கண்காட்சிகளுக்கும் கட்டணம் இல்லை. வாயிலில் பாதுகாப்புச் சோதனையைக் கடந்து, முன் வரிசையில் ஒதுக்கப்பட்ட இருக்கைகளை விட்டுவிட்டு எவரும் உட்காரலாம். ஓய்வுபெற்ற அரசு அதிகாரி, ஆய்வு மாணவர், தூதரக ஊழியர், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர் எல்லோரும் ஒரே அரங்கில் அமரும் இடங்கள் தலைநகரில் வேறு அதிகம் இல்லை.

நான்கு வகை நிறுவனங்கள்

வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும் இந்த நிறுவனங்களின் சட்டபூர்வ அடித்தளம் ஒன்றல்ல. நிரலைத் தயாரிக்கும் சுதந்திரம் எவ்வளவு என்பதை நிர்ணயிப்பதும் அந்த அடித்தளமே.

முதல் வகை, நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் அமைந்தவை. சென்னை திருவான்மியூரில் உள்ள கலாக்ஷேத்ரா அறக்கட்டளை இதற்கு உதாரணம். மாநிலங்களவை உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேல் நிறுவிய அந்த அமைப்பு, 1993-ம் ஆண்டின் கலாக்ஷேத்ரா அறக்கட்டளைச் சட்டத்தின்படி தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக அறிவிக்கப்பட்டது. அதன் நிர்வாக அமைப்பை அடியோடு மாற்ற வேண்டுமானால் இரு அவைகளின் ஒப்புதலும் தேவை.

இரண்டாவது வகை, அரசுத் தீர்மானத்தின் மூலம் உருவாகி, சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் இயங்கும் மூன்று அகாதெமிகள். இவற்றின் பிறப்பிலேயே நாடாளுமன்றத்துக்குப் பங்கு உண்டு. சங்கீத நாடக அகாதெமியைக் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் 1953 ஜனவரி 28-ல் தொடங்கி வைத்த விழா நடந்தது நாடாளுமன்றக் கட்டடத்தில். அதன் முதல் தலைவர் சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்த பி.வி.ராஜமன்னார். சாகித்திய அகாதெமி 1954 மார்ச் 12-ல் தொடங்கி வைக்கப்பட்டதும் நாடாளுமன்ற மைய மண்டபத்தில்தான். அதன் முதல் தலைவரான ஜவாஹர்லால் நேரு, அகாதெமித் தலைவர் என்ற முறையில் தமது பணியில் பிரதமர் தலையிடுவதைத் தாம் விரும்பவில்லை என்று வேடிக்கையாகக் கூறியது இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. இரண்டு பதவிகளையும் வகித்தவர் ஒருவரே என்றாலும், இரண்டுக்கும் இடையே ஒரு கோடு இருக்க வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

மூன்றாவது வகை, உறுப்பினர்களால் நடத்தப்படும் தனிச் சங்கம். இந்திய சர்வதேச மையம் இந்த வகையைச் சேர்ந்தது. ராக்கஃபெல்லர் அறக்கட்டளையின் உதவியோடு உருவான அந்த மையத்துக்கு 1960 நவம்பர் 30-ல் அடிக்கல் நாட்டியவர் அன்றைய ஜப்பான் பட்டத்து இளவரசர் அகிஹிதோ. ஜோசப் ஆலன் ஸ்டெய்ன் வடிவமைத்த கட்டடத்தை 1962 ஜனவரி 22-ல் குடியரசுத் துணைத் தலைவர் எஸ்.ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். பம்பாய் நகரின் எதிர்காலம் குறித்த கருத்து வேறுபாட்டால் 1956-ல் மத்திய நிதி அமைச்சர் பதவியைத் துறந்த சி.டி.தேஷ்முக் அதன் முதல் தலைவர். நிர்வாகிகளை அரசு நியமிப்பதில்லை என்பதால் அங்கு எல்லாக் கட்சியினரும் பேசலாம். ஆட்சியில் இருப்பவரை விமர்சிக்கும் நூலும் வெளியாகலாம். ஆனால், உறுப்பினராவது எளிதல்ல. ஓய்வுபெற்ற உயர் அதிகாரிகளின் மன்றம் என்ற விமர்சனமும் அதற்கு நெடுநாளாக உண்டு.

நான்காவது வகையே மிகவும் சிக்கலானது: அரசு நிதியில், அரசு நியமிக்கும் அறங்காவலர்களோடு, ஓர் அறக்கட்டளைப் பத்திரத்தின் அடிப்படையில் இயங்கும் இந்திரா காந்தி தேசியக் கலை மையம். சட்டத்தைத் திருத்த நாடாளுமன்றம் கூட வேண்டும்; அறங்காவலர்களை மாற்ற ஓர் அரசாணை போதும். அந்த மையத்தின் நாற்பது ஆண்டு வரலாறு இந்த வேறுபாட்டின் விளைவுகளை விளக்குகிறது.

காவிரிக் கல்

இந்திரா காந்தியின் பிறந்த நாளான 1985 நவம்பர் 19-ல் அன்றைய பிரதமர் ராஜீவ் காந்தி இந்த மையத்தைத் தொடங்கி வைத்தார். சிந்து, கங்கை, காவிரி, மகாநதி, நர்மதை ஆகிய ஐந்து நதிகளிலிருந்து கொண்டுவரப்பட்ட கற்கள், அன்று சிற்ப வடிவில் அந்த வளாகத்தில் அமைக்கப்பட்டன. நாட்டின் பண்பாட்டுத் தொன்மையை நினைவூட்டும் அடையாளமாக அவை அங்கேயே இருக்கும் என்று அறிவிக்கப்பட்டது. அறக்கட்டளை 1987 மார்ச்சில் முறைப்படி அமைந்தது. கல்வி அமைச்சகத்தில் நெடுங்காலம் பணியாற்றியவரும் நாட்டிய அறிஞருமான கபிலா வாத்ஸ்யாயன் மையத்தின் பொறுப்பை ஏற்றார்.

மையத்தில் ஒவ்வொரு பணிக்கும் ஒரு பிரிவு உண்டு. கலாநிதி என்பது நூலகமும் ஆவணக் காப்பகமும். கலாகோசம் ஆய்வும் பதிப்பும். ஜனபத சம்பதா நாட்டார் மரபுகள். கலாதர்சனம் கண்காட்சியும் அரங்க நிகழ்ச்சிகளும். இவற்றில் மாத நிரலுக்கு முதன்மையாக உரியது கலாதர்சனம். தொடக்க ஆண்டுகளில் அதன் கண்காட்சிகள் ஆள்களையோ ஆண்டு விழாக்களையோ மையமாகக் கொள்ளவில்லை. கருத்துகளை மையமாகக் கொண்டன. வெளியைப் பற்றிய 'கம்', வடிவத்தையும் எழுத்தையும் பற்றிய 'ஆகார', காலத்தைப் பற்றிய 'கால' ஆகிய மூன்றும் அந்த வரிசையில் வந்தவை. கண்காட்சிகளுக்காக எழுந்த வட்ட வடிவ 'மாட்டி கர்' என்ற மண் வீடு தில்லிவாசிகளுக்கு நன்கு அறிமுகமான இடமாயிற்று.

நிரல் வெறும் பொழுதுபோக்கல்ல என்பதற்கு மையத்தின் சேகரிப்புகளே சான்று. தஞ்சை சரஸ்வதி மகால் நூலகத்தின் சுவடிகள் உள்பட நாட்டின் பல நூலகச் சுவடிகள் நுண்படச் சுருள்களாக இங்கே பாதுகாக்கப்பட்டுள்ளன. தஞ்சைப் பெரிய கோயிலின் கட்டடக் கலையைப் பற்றி பிரெஞ்சு அறிஞர் பியேர் பிஷார் எழுதிய நூலை, தூரக்கிழக்குப் பிரெஞ்சு ஆய்வுப் பள்ளியுடன் இணைந்து 1995-ல் இந்த மையம் வெளியிட்டது. கொழும்பில் பிறந்த தமிழ்க் குடும்பத்து அறிஞர் ஆனந்த குமாரசுவாமியின் தொகுப்பும் இங்கேதான் உள்ளது. ராஜா தீன்தயாளின் பழைய புகைப்படங்களும் உண்டு. ஒரு நல்ல கண்காட்சி இத்தகைய சேகரிப்பிலிருந்து பிறக்கிறது. ஒரு நல்ல சொற்பொழிவு, பல ஆண்டு ஆய்வின் வெளிப்பாடாக அமைகிறது. எனவே நிரலை அவசரமாகத் தயாரிக்க முடியாது. அதற்கு நீண்டகாலத் திட்டமும், திட்டமிட்டவர்கள் பொறுப்பில் நீடிப்பார்கள் என்ற உறுதியும் தேவை.

ஆட்சி மாறும்போது

அந்த உறுதிதான் இந்த மையத்துக்குக் கிடைக்கவில்லை. அறக்கட்டளைப் பத்திரத்தில் 1995-ல் செய்யப்பட்ட திருத்தங்களின் மீது சர்ச்சை எழுந்தது. 2000-ம் ஆண்டில் அன்றைய தேசிய ஜனநாயகக் கூட்டணி அரசு அறக்கட்டளையை மாற்றியமைத்தது. கபிலா வாத்ஸ்யாயன் வெளியேற நேர்ந்தது. ஐக்கிய முற்போக்குக் கூட்டணிக் காலத்தில் முன்னாள் தூதர் சின்மயா கரேகான் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 2016 ஏப்ரலில் அவரது தலைமையிலான குழு மாற்றப்பட்டு, மூத்த ஹிந்திப் பத்திரிகையாளர் ராம் பகதூர் ராய் தலைமையில் புதிய குழு அமைக்கப்பட்டது. நாட்டியக் கலைஞர்கள் பத்மா சுப்ரமண்யம், சோனல் மான்சிங் போன்றோர் அதில் இடம்பெற்றனர்.

இங்கே தனிநபர்களின் தகுதியைக் கேள்விக்கு உள்ளாக்க வேண்டியதில்லை. நெருக்கடி நிலையின்போது சிறை சென்றவர் ராம் பகதூர் ராய்; ஐ.நா.விலும் வெளியுறவுத் துறையிலும் பணியாற்றியவர் கரேகான். கபிலா வாத்ஸ்யாயனின் புலமை உலகறிந்தது. கேள்வி வேறு. ஒவ்வோர் ஆட்சி மாற்றத்தின்போதும் ஒரு கலை மையத்தின் தலைமையும் மாறினால், அங்கு பணியாற்றுபவர்கள் அடுத்த ஆண்டின் நிரலை எந்த நம்பிக்கையில் திட்டமிடுவார்கள்? எந்தத் தலைப்பு இன்று பாதுகாப்பானது, எது நாளை ஆபத்தாகும் என்று யோசிக்கத் தொடங்கிய பிறகு, வெளியிலிருந்து தடை விதிக்கும் தேவையே எழாது.

காங்கிரஸ் ஆட்சிக் காலத்தில் மட்டும் கலை சுதந்திரமாக இருந்தது என்று சொல்வதும் வரலாற்றுக்குப் பொருந்தாது. ஆட்சியாளரின் குடும்பத்துத் தலைவரின் பெயரில், அவரது மகனே தலைவராக இருக்க அமைந்ததுதான் இந்த அறக்கட்டளை. அரசு கொண்டாடும் ஆண்டு விழாக்கள் அகாதெமிகளின் நிரலை அன்றும் நிரப்பின. 2021 மார்ச் முதல் 2023 ஆகஸ்ட் வரை சுதந்திரத்தின் 75-வது ஆண்டையொட்டி நடைபெற்ற அமிர்தப் பெருவிழாக் காலத்தில் அரசு சார்ந்த கலை நிறுவனங்களின் பட்டியல்களில் அந்த முத்திரை இல்லாத பக்கமே அரிது. முத்திரைகள் மாறுகின்றன; முத்திரை குத்தும் பழக்கம் மாறவில்லை.

நிலமும் போயிற்று

நிர்வாகத்தைத் தொடர்ந்து நிலமும் கைமாறியது. ராஜபாதை என்று அன்று அழைக்கப்பட்ட சாலையை ஒட்டி ஏறக்குறைய 25 ஏக்கரில் மையத்துக்கு இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. 1986-ல் நடந்த சர்வதேசப் போட்டியில் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ரால்ஃப் லெர்னரின் வடிவமைப்பு தேர்வாயிற்று. ஆனால், நூலகப் பகுதியைத் தவிர, திட்டமிட்ட அரங்குகளும் காட்சிக்கூடங்களும் எழவில்லை. பழைய சென்ட்ரல் விஸ்டா மெஸ் கட்டடத்திலும் பங்களாக்களிலும் புல்வெளியிலும்தான் நிகழ்ச்சிகள் நடந்து வந்தன.

இதனிடையே சென்ட்ரல் விஸ்டா மறுசீரமைப்புத் திட்டம் வந்தது. உச்ச நீதிமன்றம் 2021 ஜனவரி 5-ல் இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மைத் தீர்ப்பில் அதற்கு அனுமதி அளித்தது. மத்திய அமைச்சகங்களுக்கான பொதுச் செயலகத்தின் முதல் மூன்று கட்டடங்களுக்குத் தேர்வான இடம் கலை மையத்தின் வளாகம். ஜன்பத் சாலையில், முன்பு இந்திய சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஹோட்டலாக இருந்த கட்டடத்துக்கு மையம் மாற்றப்பட்டது. பழைய வளாகம் இருந்த நிலத்தில் எழுந்த 'கர்த்தவ்ய பவன்-3' கட்டடத்தைப் பிரதமர் நரேந்திர மோடி 2025 ஆகஸ்ட் 6-ல் திறந்து வைத்தார். இந்தியா கேட் அருகே ஜாம்நகர் ஹவுஸ் பகுதியில் மையத்துக்குப் புதிய கட்டடம் எழுப்புவது மறுசீரமைப்புத் திட்டத்தின் ஒரு பகுதி.

அமைச்சகங்களுக்கு நவீன அலுவலகம் தேவை என்பதில் நியாயம் உண்டு. வாடகைக் கட்டடங்களில் சிதறிக் கிடக்கும் துறைகளை ஓரிடத்தில் சேர்ப்பது நிர்வாகத்துக்கு நல்லதே. ஆயினும், கலைக்கு ஒதுக்கிய நிலத்தில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அரங்கு எழவில்லை. செயலகம் சில ஆண்டுகளில் எழுந்துவிட்டது. அரசின் முன்னுரிமை எது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. புல்வெளியில் திறந்த மேடையில் நடந்த நாட்டார் நிகழ்ச்சியை ஹோட்டலாக இருந்த கட்டடத்தின் கூடத்தில் நடத்தலாம். ஆனால், சாலையில் நடந்து போகிறவர் ஓசை கேட்டு உள்ளே வரும் வாய்ப்பு குறைந்துவிடுகிறது.

தமிழுக்கு எந்த இடம்?

அண்மை ஆண்டுகளில் இந்த மையத்தின் பெயர் தமிழகத்தில் அதிகமாக அடிபட்டது இரண்டு நிகழ்வுகளால். 2023 மே 28-ல் புதிய நாடாளுமன்றக் கட்டடத்தில் செங்கோல் நிறுவப்பட்டபோது, அது தொடர்பான ஆவணங்களைத் தேடும் பணியில் மையமும் பங்கேற்றிருந்தது. 1947-ல் அந்தச் செங்கோல் ஆட்சி மாற்றத்தின் அடையாளமாகவே வழங்கப்பட்டதா என்பது கடும் அரசியல் விவாதமானது. அதே ஆண்டு செப்டம்பரில் ஜி-20 மாநாட்டுக்காகப் பாரத் மண்டபத்தின் முன் நிறுவப்பட்ட 27 அடி உயர நடராஜர் சிலை, மையத்தின் ஏற்பாட்டில் சுவாமிமலை ராதாகிருஷ்ணன் ஸ்தபதி குழுவினர் எட்டு உலோகங்களில் வார்த்தது.

சுவாமிமலைக் கைவினைஞர்களின் பணி தலைநகரில் கம்பீரமாக நிற்பது ஒவ்வொரு தமிழருக்கும் பெருமையே. ஆனால், சிலையை ஒரு நாளில் திறந்து வைத்துவிடலாம். நிகழ்ச்சி நிரலோ ஆண்டு முழுவதும் நடக்க வேண்டியது. ஓராண்டு நிரலில் தெருக்கூத்துக்கு எத்தனை மாலைகள், தற்காலத் தமிழ் நாடகத்துக்கு எத்தனை, சங்க இலக்கியம் குறித்த ஆய்வுரைகள் எத்தனை, அவற்றை மொழிபெயர்ப்போடு கேட்க ஏற்பாடு உண்டா என்பதே சரியான அளவுகோல். தமிழுக்கு மட்டுமல்ல; சந்தாலிக்கும் மணிப்புரிக்கும் கொங்கணிக்கும் இதே அளவுகோல் பொருந்தும்.

தலைநகரில் தமிழ் நிகழ்ச்சிகளுக்கு இடமே இல்லை என்று சொல்வதற்கில்லை. 1946-ல் தொடங்கிய தில்லித் தமிழ்ச் சங்கம் ராமகிருஷ்ணபுரத்தில் சொந்த அரங்குடன் இயங்குகிறது. அங்கு தமிழர்கள் தமிழர்களுக்காக நடத்துகிறார்கள். தேசிய மையங்களில் நடந்தால்தான் மற்ற மொழிக்காரர்கள் கேட்க வருவார்கள். அந்த வாய்ப்புக்காகவே 'தேசிய' என்ற அடைமொழி அந்த மையங்களின் பெயரில் இருக்கிறது.

இதில் சாகித்திய அகாதெமி வேறொரு பாதையைக் காட்டுகிறது. அது அங்கீகரித்துள்ள 24 மொழிகளுக்கும் தனித்தனி ஆலோசனைக் குழுக்கள் உண்டு. தலைவரைப் பொதுக்குழு தேர்ந்தெடுக்கிறது. ஏற்பாடு குறையற்றது அல்ல. கன்னட அறிஞர் எம்.எம்.கல்புர்கி 2015 ஆகஸ்ட் 30-ல் சுட்டுக் கொல்லப்பட்டபோது அகாதெமி உடனடியாக உரத்துப் பேசவில்லை என்று எழுத்தாளர்கள் பலர் விருதுகளைத் திருப்பி அளித்தனர். அக்டோபர் 23-ல்தான் செயற்குழு கூடிக் கண்டனத் தீர்மானம் நிறைவேற்றியது. எனினும், எழுத்தாளர்களின் கோபம் எழுத்தாளர்களைக் கொண்ட ஒரு குழுவை நோக்கியதாக இருந்தது. அந்தக் குழுவும் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. ஒரே ஆணையில் மாற்றிவிடக்கூடிய அறங்காவலர் குழுவிடம் அப்படி யார் பதில் கேட்பது?

அவை என்ன செய்கிறது?

பதில் கேட்க வேண்டிய இடம் நாடாளுமன்றம். 2025-26 நிதிநிலை அறிக்கையில் மத்திய கலாசார அமைச்சகத்துக்கு ஒதுக்கப்பட்ட தொகை சுமார் ரூ.3,360 கோடி. அரசின் மொத்தச் செலவு மதிப்பீடு ரூ.50 லட்சம் கோடிக்கு மேல். அதாவது, அரசு செலவிடும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் கலாசாரத்துக்குக் கிடைப்பது ஏழு காசுக்கும் குறைவு. அதிலும் கணிசமான பகுதி தொல்லியல் துறைக்குப் போய்விடுகிறது.

பெரும்பாலான அமைச்சகங்களின் மானியக் கோரிக்கைகள் விவாதமின்றி 'கில்லட்டின்' முறையில் ஒட்டுமொத்தமாக நிறைவேறுவது மக்களவையில் வழக்கமாகிவிட்டது. கலாசார நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளும் தணிக்கைக் கணக்குகளும் அவையில் வைக்கப்படுகின்றன. வைக்கப்பட்ட தாள்கள் நூலகத்துக்குப் போகின்றன. கீழடி போன்ற அகழாய்வுகள் குறித்துத் தமிழக உறுப்பினர்கள் தொடர்ந்து குரல் கொடுக்கிறார்கள், அது அவசியமானது. அதே அக்கறை, தேசியக் கலை மையங்கள் ஆண்டு முழுவதும் எதைக் காட்டுகின்றன என்பதிலும் தேவை.

குழுக்கள் இல்லாமல் இல்லை. அகாதெமிகளை ஆராய 1964-ல் பாபா குழு, பின்னர் கோஸ்லா குழு, 1990-ல் அறிக்கை அளித்த பி.என்.ஹக்சர் குழு, 2014-ல் அபிஜித் சென்குப்தா குழு என்று வரிசையாக வந்துள்ளன. சுற்றுலா, கலாசாரத் துறைகளுக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2023 ஜூலையில் அளித்த அறிக்கையில் அதிகம் பேசப்பட்ட பரிந்துரை, விருது பெறுபவர்களிடம் அதைத் திருப்பித் தரமாட்டோம் என்று முன்கூட்டியே எழுதி வாங்க வேண்டும் என்பது. கலைஞர்களிடம் உறுதிமொழி கேட்ட குழு, கலை மையங்களின் சுதந்திரத்துக்கு அரசிடமும் அதே அழுத்தத்தோடு ஓர் உறுதிமொழி கேட்டிருக்கலாம்.

கலையும் அரசியலும் மோதும்போது நாடாளுமன்றம் விழித்துக்கொள்வது உண்டு. 2006-ல் மாநிலங்களவை நியமன உறுப்பினராக இருந்த கபிலா வாத்ஸ்யாயன், ஆதாயப் பதவி சர்ச்சை வெடித்த நாள்களில் மார்ச் மாதம் பதவி விலகினார். 2007 ஏப்ரலில் மீண்டும் நியமிக்கப்பட்டார். பண்பாட்டு நிறுவனப் பதவி ஆதாயமா, பணியா என்று அன்று அவை யோசிக்க வேண்டி வந்தது. அந்தப் பதவிகளில் இருப்பவர்கள் எதைச் செய்ய வேண்டும் என்ற கேள்வி மட்டும் அன்றும் எழவில்லை. 2020 செப்டம்பர் 16-ல் அவர் மறைந்தபோது அவர் உருவாக்கிய மையம் பழைய வளாகத்தில் இருந்தது. அடுத்த ஆண்டே இடம் மாறியது.

செய்யக் கூடியவை

பெரிய சட்டப் போராட்டம் எதுவும் தேவையில்லை. முதலாவதாக, இந்திரா காந்தி தேசியக் கலை மையத்துக்குக் கலாக்ஷேத்ராவைப் போல நாடாளுமன்றச் சட்டம் ஒன்று வேண்டும். அறங்காவலர்களுக்கு நிலையான பதவிக்காலம், சுழற்சி முறையில் ஓய்வு என்ற இரண்டு விதிகள் அதில் இருந்தாலே, ஆட்சி மாறிய கையோடு குழு மாறுவது நின்றுவிடும். இரண்டாவதாக, அலுவல் ஆலோசனைக் குழுவைப் போல, நிகழ்ச்சிகளைத் தேர்ந்தெடுக்கப் பல மொழி, பல மரபுக் கலைஞர்களைக் கொண்ட வெளி ஆலோசனைக் குழு வேண்டும். மூன்றாவதாக, ஆண்டறிக்கையில் கூட்டங்களின் எண்ணிக்கையை மட்டும் தராமல், மொழிவாரியாகவும் மாநிலவாரியாகவும் நிகழ்ச்சிகளின் விவரத்தைத் தர வேண்டும். அந்த ஒரு பட்டியல் அவையில் வைக்கப்பட்டால், எந்த மாநில உறுப்பினரும் அதைப் படிக்காமல் விடமாட்டார்.

நாடாளுமன்ற உறுப்பினர்கள் தங்கும் வெஸ்டர்ன் கோர்ட்டுக்கு அருகில்தான் மையம் இடம் மாறிய ஜன்பத் கட்டடம் இருக்கிறது. நடந்தே போய்விடலாம். அவை ஒத்திவைக்கப்பட்ட ஒரு மாலையில், கட்சி வேறுபாடின்றி உறுப்பினர்கள் சிலராவது அங்கே சென்று பின் வரிசையில் அமர்ந்து ஒரு சொற்பொழிவைக் கேட்கலாம். வெளியே வரும்போது அடுத்த மாத நிரலைக் கையில் எடுத்துக்கொண்டு, அதில் தங்கள் தொகுதியின் கலை எங்கே என்று தேடிப் பார்க்கலாம். மறுநாள் கேள்வி நேரத்துக்கு அதைவிட நல்ல தயாரிப்பு இருக்க முடியாது.